பன்னிரண்டு ஆண்டு நீடித்த ‘அவசரம்’

மருத்துவமனை வாசலில் சிவப்பு எழுத்தில் இருக்கும். திரையரங்கின் பக்கக் கதவுக்கு மேலே பச்சை விளக்கில் மின்னும். நெடுஞ்சாலையின் ஓரத் தடத்திலும் எழுதி வைத்திருப்பார்கள். எமர்ஜென்சி என்ற ஆங்கிலச் சொல் அன்றாட வாழ்க்கையில் இப்படித்தான் புழங்குகிறது. வந்தால் ஓட வேண்டும், முடிந்தால் மறந்துவிட வேண்டும்.

அதே சொல்லுக்கு முன்னால் ‘தி’ என்ற சிறு சொல்லைச் சேர்த்து, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். உடனே அது வரலாறாகிவிடும். யாருடைய வரலாறு என்பது கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது.

சென்னையில் ஒருவரிடம் ‘எமர்ஜென்சி காலம்’ என்று சொன்னால் அவர் நினைவு 1975 ஜூன் 25க்குப் போகும். இந்திரா காந்தி அரசு கொண்டு வந்த நெருக்கடி நிலை, பத்திரிகைத் தணிக்கை, 1976இல் கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சி என்று பேசுவார். அயர்லாந்தின் டப்ளின் நகரத்துப் பெரியவருக்கோ அது இரண்டாம் உலகப் போர்க்காலம். அந்த நாடு போரில் சேராமல் நடுநிலை வகித்தது. 1939இல் அவசர நிலையை மட்டும் அறிவித்தது. ஆகவே உலகமே போர் என்று சொன்ன ஆண்டுகளை ஐரிஷ்காரர்கள் ‘எமர்ஜென்சி’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அச்சொல்லுக்கு 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை என்று பொருள். பன்னிரண்டு ஆண்டுகள், ஒன்றரை மாதம். பிறந்த குழந்தை ஆரம்பப் பள்ளியை முடிக்கும் வயதுக்கு வந்துவிடும் காலம். இதற்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததாகத் தெரியவில்லை.

சொல்லின் பிறப்பையும் பார்த்துவிடலாம். லத்தீன் மொழியில் நீருக்குள் மூழ்கிக் கிடந்தது மேலே எழும்பி வருவதைக் குறிக்கும் வினைச்சொல்தான் இதற்கு மூலம். எதிர்பாராமல் தலைதூக்குவது என்பது அதன் கருத்து. தமிழில் அதை ‘அவசரகாலம்’ என்று ஆக்கினோம். அவசரம் என்றால் நமக்கு விரைவு. பேருந்தைப் பிடிக்க ஓடுவதும் அவசரம்தான். மலாய்மொழி எடுத்துக்கொண்ட சொல் ‘டாருராட்’. அரபு மூலத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குத் தவிர்க்க முடியாத தேவை என்று பொருள். அத்தகைய தேவை வந்துவிட்டால், வழக்கமாகத் தடுக்கப்பட்டதும் அனுமதிக்கப்பட்டதாகிவிடும் என்பது இஸ்லாமியச் சட்ட மரபில் உள்ள கருத்து. மூன்றில் எது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பொருந்துகிறது என்றால், மலாய்ச் சொல்தான் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது. அமைதிக் காலத்தில் ஓர் அரசு செய்யக்கூடாதவற்றையெல்லாம் செய்ய அன்று அனுமதி தந்தது இந்த ஒரு சொல்தானே?

சுங்கை சிப்புட் காலை

1948 ஜூன் 16ஆம் நாள் காலை. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் எல்பில் தோட்டத்து அலுவலகத்துக்குள் நுழைந்த ஆயுதக்காரர்கள் நிர்வாகி ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவர் கொல்லப்பட்டார்கள். மூவரும் வெள்ளைக்காரத் துரைமார். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா முழுவதற்கும் பரவியது. அதே மாதத்தில் சிங்கப்பூரும் அதற்குள் வந்தது. ஜூலையில் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்த எவரும் அதைப் போர் என்றுதான் சொல்வார்கள். பிரிட்டன், கூர்க்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிஜி, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பல நாட்டுப் படைகள் காட்டுக்குள் இறங்கின. விமானங்கள் குண்டு வீசின. 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே பதுங்கியிருந்தவர்களின் குண்டுக்குப் பலியானார். எல்லாம் முடிந்தபோது காட்டிலிருந்தவர்களில் 6,700 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். படையினரிலும் போலீஸ்காரர்களிலும் 1,800 பேருக்கு மேல். ஒரு பக்கமும் சேராத பொதுமக்களில் ஏறத்தாழ 2,500 பேர். இவர்களைத் தவிர காணாமற்போனவர்கள் 800 பேர் அளவில்.

பிறகு ஏன் போர் என்று சொல்லவில்லை?

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விடை காப்புறுதி. நோயல் பார்பர் என்ற பத்திரிகையாளர் 1971இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் எழுதிய பிறகு, இந்த விளக்கம் எல்லா மேடைகளிலும் ஒலிக்கத் தொடங்கியது. கித்தாத் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்புறுதி லண்டனில் எடுக்கப்பட்டிருந்தது. கலவரத்தில் சொத்து அழிந்தால் இழப்பீடு உண்டு. போரில் அழிந்தால் கிடையாது. ஆகவே ‘போர்’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை என்பது கதை.

கதையில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையும் ஒரு காப்புறுதிப் பத்திரத்துக்குள் அடங்கிவிடும் என்று நம்புவது கொஞ்சம் வசதியான நம்பிக்கை. போர் என்று அறிவிக்க எதிரே ஒரு நாடு வேண்டும். போர் என்றால் எதிரி ‘படைவீரன்’ ஆகிவிடுவான். பிடிபட்டால் அவன் போர்க்கைதியா என்ற கேள்வி எழும். அவசர நிலை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவன் சட்டத்தை மீறிய குற்றவாளி, அவ்வளவுதான். போலீஸ் பிடிக்கும், நீதிமன்றம் தண்டிக்கும், சிறையில் தூக்கு நடக்கும். முதலீட்டாளர்களும் மிரள மாட்டார்கள். ஒரே சொல்லில் காலனி அரசுக்கு இத்தனை ஆதாயம்.

ஆங்கிலேயர் சொற்களில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தொடக்கத்தில் காட்டிலிருந்தவர்களை அவர்கள் ‘கொள்ளையர்’ என்றுதான் எழுதினார்கள். அந்தச் சொல் நாளடைவில் காலை வாரியது. வெறும் கொள்ளைக்காரர்களைப் பிடிக்கவா இத்தனை ஆயிரம் படைவீரர்கள் என்ற கேள்வி வந்தது. போதாக்குறைக்கு, தங்களை எதிர்த்தவர்களை ஜப்பானியரும் அதே பெயரில்தான் அழைத்திருந்தார்கள். 1952இல் உத்தரவு மாறியது. அன்று முதல் அவர்கள் ‘கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்’. சுருக்கமாக ஆங்கிலத்தில் சி.டி. என்ற இரண்டே எழுத்து.

காட்டிலிருந்தவர்கள் மட்டும் நேர்மையான பெயரா வைத்தார்கள்? அவர்கள் அதை ‘பிரிட்டிஷ் எதிர்ப்புத் தேசிய விடுதலைப் போர்’ என்றார்கள். விடுதலை வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் கித்தா மரங்களைச் சிதைத்து ஏழைத் தொழிலாளியின் அன்றைய கூலியை அழித்தார்கள். பேருந்துகளைக் கொளுத்தினார்கள். துப்புக் கொடுத்தான் என்ற சந்தேகத்துக்கு எளிய மனிதர்களைக் கொன்றார்கள். 1957 ஆகஸ்டு 31இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் துப்பாக்கியைக் கீழே போடவில்லை. அதற்கு முன்பே, 1955 டிசம்பரில், பாலிங் நகரப் பள்ளிக்கூடத்தில் துங்கு அப்துல் ரகுமானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லோக்கும் சின் பெங்குடன் இரண்டு நாள் பேசினார்கள். பேச்சு முறிந்தது. முறிந்த இடமும் ஒரு சொல்தான்: ‘சரணடைதல்’. அந்தச் சொல்லை ஏற்க சின் பெங் மறுத்தார்.

லயத்தைச் சுற்றி முள்வேலி

இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். அவர்கள் வீட்டுப் பேச்சில் ‘எமர்ஜென்சி’ அதிகம் வந்ததில்லை. ‘ஜப்பான்காரன் காலம்’ என்று ஒன்று இருந்ததல்லவா, அதற்கு அடுத்தது ‘கம்யூனிஸ்டு காலம்’. ஆண்டுக் கணக்கெல்லாம் அவர்களுக்கு இந்த இரண்டில் அடங்கிவிடும்.

1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தைப் பற்றி எல்லா நூல்களும் எழுதுகின்றன. காட்டோரம் குடியிருந்த ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட ‘புதுக் கிராமங்களுக்கு’ மாற்றிய திட்டம் அது. புதுக் கிராமம்! வேலி, காவல் கோபுரம், ஊரடங்கு எதுவும் அந்தப் பெயரில் தெரியாது. அதே காலத்தில் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் நடந்த இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயங்களைப் பிரித்து, எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் வேலி போட்டார்கள். இப்படி நகர்த்தப்பட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகம் என்று ஆய்வாளர் கெர்னியல் சிங் சந்து கணக்கிட்டிருக்கிறார். அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளர்கள். புதுக் கிராமங்களுக்குப் போனவர்களைவிட இந்த எண்ணிக்கை பெரிது. இருந்தும் வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு ஒரு தனிப்பெயர்கூட நிலைக்கவில்லை.

விடியுமுன் பிரட்டு. பிறகு வேலிக் கதவருகே சோதனை. பால் வாளி, துணி மூட்டை, சைக்கிள் குழாய் என்று எதையும் விடாமல் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக்கூடாது. காட்டிலிருப்பவனைப் பட்டினி போட்டுப் பணிய வைப்பதுதான் நோக்கம். கடையில் டின் உணவு வாங்கினால் அங்கேயே துளை போட்டுக் கொடுப்பார்கள். பதுக்கி வைத்தால் கெட்டுப்போக வேண்டும் என்பதற்காக. சில இடங்களில் வீட்டில் உலை வைக்கவே அனுமதியில்லை. பொதுச் சமையல் கூடத்தில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்கி வர வேண்டும். அரிசி கெட்டுப்போகாது, சோறு கெட்டுவிடும் என்ற கணக்கு அது. மத்தியானம் வரை மரம் வெட்டுகிறவள் கையில் ஒரு கவளம் கொண்டு போக முடியாமல் வெறும் வயிற்றோடு நின்றாள் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அடையாள அட்டையும் அப்போது வந்ததுதான். 12 வயது நிரம்பியவர்கள் எல்லாரும் படம் எடுத்து, ரேகை வைத்து வாங்க வேண்டும். பகலில் வேலி வாசலில் போலீஸ் அட்டையைக் கேட்டது. மரம் வெட்டப் போன இடத்தில் காட்டுக்காரர்கள் அதே அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லாவிட்டால் ஒருவனிடம் குற்றவாளி, இருந்தால் இன்னொருவனிடம் துரோகி.

சங்கம் போன கதை

தமிழர்களைப் பொறுத்தவரை இச்சொல் மறைத்து வைத்திருக்கும் மிகப் பெரிய செய்தி தொழிற்சங்கத்தின் கதை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு எழுந்து நின்றார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் வலுப்பெற்றது. அதில் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியிருந்தது உண்மை. அங்கே கேட்கப்பட்ட கூலியும் உண்மை. 1948 ஜூன் 12இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே ஒன்றுசேரலாம், பொறுப்பாளருக்கு அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று விதி வந்தது. உடனே சம்மேளனத்தின் பதிவு ரத்தானது.

தேதியைக் கவனியுங்கள். சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி வெடித்தது அதற்குச் சில நாள் கழித்துத்தான். சம்மேளனத்தை மூடியது அவசர நிலையின் விளைவு அல்ல, அதற்கு முந்திய செயல். ஆனால் இன்று யாரைக் கேட்டாலும், ‘எமர்ஜென்சியில் சங்கங்களை ஒடுக்கினார்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சொல் பெரிதாக இருந்தால் அதன் நிழலில் இப்படிச் சில நாட்கள் காணாமற்போய்விடும்.

அந்தச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி. 1949 மார்ச்சில் சிலாங்கூரில் பிடிபட்டார். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவசரகால விதிகளின்படி அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. இந்திய அரசு முறையிட்டும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் பூடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள், மே 3இல், இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு நாளில் இரண்டு தமிழர்கள். கணபதி தொழிற்சங்கத் தலைவரா, கம்யூனிஸ்டா, நாட்டு விடுதலைக்காக உயிர் கொடுத்தவரா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அவரைத் தூக்கிலிட்ட சட்டத்துக்கு அந்தக் கேள்விகளே தேவைப்படவில்லை. 1996இல் மூடப்பட்ட பூடு சிறை பிறகு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் நிற்கிறது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய ஒரே சங்கம் மீண்டும் வந்தது 1954இல்தான். பி.பி. நாராயணன் முன்னின்று அமைத்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அது. அதன் குரல் வேறு, நடை வேறு. மிரட்டலின் நடுவே பிறந்த சங்கம் அப்படித்தான் பேசியிருக்க முடியும். அதைக் குறை சொல்வது எளிது. அன்றைய தோட்டத்தில் வேலிக்கு உள்ளே நின்று பார்த்தால் அவ்வளவு எளிதல்ல.

அந்தக் காலத்தின் இன்னொரு கணக்கும் பாக்கி நிற்கிறது. 1948 டிசம்பர் 12இல் சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அனைவரும் சீனத் தொழிலாளர்கள். தப்பி ஓட முயன்ற கொள்ளையர் என்று அன்று அறிக்கை வந்தது. உறவினர்கள் லண்டன் வரை போய் வழக்காடினார்கள். பொது விசாரணை நடத்த அரசுக்குச் சட்டக் கடமை இல்லை என்று 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தனை காலம் கடந்துவிட்டது என்பது ஒரு முக்கியக் காரணம்.

1960 ஜூலை 31இல் அவசர நிலை முடிந்தது. மறுநாள், ஆகஸ்டு 1ஆம் தேதி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. இடையில் ஒரே ஓர் இரவு! விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரம் அவசரகாலத்தின் பெயரைக் களைந்துவிட்டு சாதாரணச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மலேசியாவில் அது 2012 வரை இருந்தது. 1963இல் மலேசியாவுடன் சேர்ந்தபோது அச்சட்டத்தைப் பெற்ற சிங்கப்பூரில் அது தொடர்கிறது. கம்யூனிஸ்டுகளும் 1968இல் மறுபடி ஆயுதம் தூக்கி, 1989 டிசம்பர் 2இல் தாய்லாந்தின் ஹாட் யாய் நகரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் ஓய்ந்தார்கள். அந்த இரண்டாவது இருபது ஆண்டுக்கு ‘எமர்ஜென்சி’ என்ற பெயர் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை.

சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 1964இல் இந்தோனேசியாவுடனான மோதலின்போது, 1966இல் சரவாக்கில், 1969 மே கலவரத்தின்போது, 1977இல் கிளந்தானில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. கடைசி மூன்றும் 2011 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தில் ரத்தாயின. அதாவது 1969இல் பிறந்த மலேசியர் ஒருவர் 42 வயது வரை, தமக்குத் தெரியாமலே ஓர் அவசரத்தில் வாழ்ந்திருக்கிறார். பிறகு 2021 ஜனவரியில் கோவிட் தொற்றுக்காக மீண்டும் டாருராட் அறிவிக்கப்பட்டு ஆகஸ்டு 1 வரை நீடித்தது.

அப்போது இளையவர்கள் கைத்தொலைபேசியில் அதற்கு என்ன பொருள் என்று தேடினார்கள். 1948இல் முதல் அடையாள அட்டைக்காக விரல் ரேகை வைத்த 12 வயதுப் பிள்ளைகளில் சிலர் அப்போது 85 வயதைத் தொட்டு, அதே வீடுகளின் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ‘எமர்ஜென்சி’ என்று கேட்டால் மருத்துவமனையைத்தான் நினைப்பார்கள். ‘கம்யூனிஸ்டு காலத்தில் சோறு எங்கே வாங்கினீர்கள்?’ என்று கேட்க வேண்டும்.